மான்கள் வந்து சேராத கோப்பு

நம் தமிழ்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். எங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. உங்களில் பாதிப் பேர் டெல்லியில் பிறந்தவர்கள், தமிழ் பேசுவீர்கள், படிப்பதற்குத் தடுமாறுவீர்கள் என்றும் சொன்னார்கள். பரவாயில்லை. தடுமாறுகிற இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேளுங்கள். நம் வேலையே கேட்பதுதான்.

நாம் இணையம் வழியாக அனுப்பித் தருகிற பெரிய கணினிக் கோப்பு எப்படி மேலே போகிறது, எங்கே தங்குகிறது, எப்படிக் கீழே இறங்குகிறது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிவிடுவார்கள். அதில் உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. கூரியர் கம்பெனியில் உறைகளை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். உறைகள் குறைந்து கோப்புகள் பெருகியபோது இந்தப் பக்கம் வந்தேன். வந்த பிறகு தெரிந்தது, அனுப்புகிறவர்களின் படபடப்பு மட்டும் மாறவே இல்லை.

கரோல் பாகில் கல்யாண ஆல்பம் செய்கிற ஒருவர் இருந்தார். படங்களை நம் சேவை வழியாக அனுப்புவார். அதே படங்களைப் பென் டிரைவில் போட்டு கூரியரிலும் அனுப்புவார். பிறகு எனக்கு ஃபோன் செய்து, "எது முதல்ல போகுதுன்னு பாக்கறேன் மேடம்ஜி" என்பார். ஒரு வழக்கறிஞர் தன் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, யாரும் மறந்துவிடக் கூடாதே என்று அந்தக் கடவுச்சொல்லையே கோப்பின் பெயராக வைத்தார். கட்டட வரைபடம் போடுகிற ஒரு அம்மாள், அனுப்பின கையோடு தன் கணினியில் இருந்ததை அழித்துவிட்டு, கோப்பை இறக்கிக்கொள்ள நாம் தருகிற இணைப்பின் காலம் முடிந்த பிறகு வந்து, "நீங்க பத்திரமா வச்சிருப்பீங்கன்னுதானே நினைச்சேன்!" என்றார். நாம் வண்டிக்காரர்கள், பீரோ இல்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இவர்கள் யாரும் விவரம் இல்லாதவர்கள் அல்ல. அவரவர் தொழிலில் கெட்டிக்காரர்கள். கோப்பு அனுப்புவது அவர்களுடைய தொழில் இல்லை, அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போவதைப் படியுங்கள். திருப்பூரிலிருந்து சென்னியப்பன் அழைத்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நம் அலுவலகம் சரோஜினி நகர் பக்கம் இருந்தது. தமிழ்ப் பிரிவு என்று ஒன்று கிடையாது. நான் ஒருத்திதான் தமிழ். ஒரு முன்பகலில் உதவி எண் ஒலித்தது. எடுத்தேன்.

"ஹலோ மேடம். ஃபைல் கம். ஃபுல் கம். பட்டு... பாட்டம் கிரே."

அதற்கு மேல் ஆங்கிலம் ஓடவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. ஆங்கில 'but'-ஐப் 'பட்டு' என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையே, பேசுகிறவர் தமிழர் என்று தெரிய எனக்குப் போதுமானதாக இருந்தது.

"அச்சா, நீங்க எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?" என்று தமிழில் கேட்டேன். லோதி ரோட்டு அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். 'அச்சா' இல்லாமல் எனக்கு வாக்கியம் ஆரம்பிக்காது.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து, "ஏனுங்க, தமிழுங்களா நீங்க? அட சாமி! இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே!" என்றார்.

சென்னியப்பன் திருப்பூரில் துணியில் டிசைன் அச்சிடும் சிறிய தொழிற்சாலை வைத்திருந்தார். டெல்லியில் அரோரா மேடம் என்று ஒருவர் டிசைன் வரைந்து நம் சேவை வழியாக அனுப்புவார். இவர் அதைத் துணியில் அச்சிடுவார். துணி உடுப்பாகித் தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறும். அன்று காலையும் ஒரு டிசைன் வந்திருந்தது.

"மேல மரம், கிளியெல்லாம் அம்சமா இருக்குதுங்க அம்மணி. கீழ கால்வாசிக்கு ஒண்ணுமே இல்லீங்க. வெறும் சாம்பக் கலருப் பட்டை. இது டிசைனுங்களா, இல்ல ஃபைல் கெட்டுப்போச்சுங்களா? அது தெரியாம மிசின ஓட்ட முடியலீங்க."

"அனுப்பினவங்களையே கேட்டீங்களா?"

"கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தனுங்க. எடுக்கலீங்க. எடுத்தாலும் அவங்க பேசறது எனக்குப் புரியாதுங்க, நான் பேசறது அவங்களுக்குப் புரியாது. இத்தன வருசத்துல ஒரு வார்த்த பேசுனதில்லீங்க."

நான் முதலில் நம்பவில்லை. ஆனால் உண்மைதான். ஆரம்பத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இவர்கள் இருவருக்கும் இடையில் இருந்ததெல்லாம், கோப்போடு சேர்த்து அனுப்ப நாம் தருகிற சின்னச் செய்திப் பெட்டிதான். அதில் இரண்டு வரி அவர் எழுதுவார், ஒரு வரி இவர் எழுதுவார். வியாபாரம் அப்படியே நடந்திருக்கிறது.

"அப்ப செய்திப் பெட்டியிலே எழுதிக் கேக்கலாமே?"

"அதுலதானுங்க வம்பே." அவர் குரல் இறங்கியது. "போன வருசம் ஒரு டிசைன்ல ஒரு எல மட்டும் கோணலா இருந்துச்சுங்க. கை தவறி வரஞ்சுட்டாங்களாட்ட இருக்குதுன்னு நானே நேராக்கி ஓட்டிப்போட்டனுங்க. நல்லதுக்குத்தான் செஞ்சேன். அவங்க வேணுமின்னே கோணலா வரஞ்சிருக்காங்க. அப்புறம் ஆறு மாசம் ஆர்டரே இல்லீங்க. இப்ப ஒவ்வொரு ஃபைலோடயும் ஒரே வரிதானுங்க வருது." எழுத்துக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். "பிரிண்ட் ஆஸ் ஃபைல். நோ சஜஷன் ப்ளீஸ்."

புரிந்துகொள்ளுங்கள். சொந்த யோசனை சொல்லாதே என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்ட மனிதர். அப்படியே ஓட்டிவிட்டு, 'நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். சட்டப்படி அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் யாரோ முன்பின் தெரியாத உதவி எண்ணுக்கு, வராத ஆங்கிலத்தில் ஃபோன் போட்டிருக்கிறார்.

"துணி சாயம் புடிக்கறதுக்கு மருந்து ஏத்தி ரெடியாக் கெடக்குதுங்க. இன்னைக்கு ஓட்டலைன்னா நாளைக்கு மிசின் வேற பார்ட்டிக்குப் போயிருமுங்க. இவங்க கப்பல் தேதி தவறிரும். ஓட்டி, அது தப்பாயிருச்சுன்னா அத்தன துணியும் அப்புறம் மிசின் தொடைக்கத்தானுங்க ஆகும். என்னுங்க பண்றது?"

நம் பக்கத்துக் குறிப்புகளைப் பார்த்தேன். அரோரா மேடம் ஏற்றிய கோப்பின் அளவும் இவர் இறக்கிய கோப்பின் அளவும் அச்சு அசலாக ஒன்று. இரண்டு இடத்திலும் பச்சை டிக். வழியில் எதுவும் கொட்டிப்போகவில்லை.

'எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, சார்.' உங்களுக்கும் இந்த வாக்கியத்தைச் சொல்லித் தந்திருப்பார்கள். என் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. அது பொய்யும் இல்லை. ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி, அவருடைய காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பார்த்தேன். மிஷின் பக்கத்தில், ஒரு கையில் ஃபோனும் இன்னொரு கை பொத்தானுக்கு மேலுமாக நிற்கிறவருக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: 'கோப்பு சரி. ஓட்டு.' நான் சொல்லாத ஒன்றை என் வாயிலிருந்து அவர் கேட்டுவிடுவார். உண்மையான வாக்கியம் தவறான அனுமதியாகப் போய்ச் சேரும்.

"அச்சா, கேளுங்க சார்," என்றேன். "ஃபைல் எங்ககிட்ட எப்படி வந்ததோ அப்படியே உங்ககிட்ட வந்திருக்கு. ஆனா அது சரியான டிசைன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. ஓட்டுங்கன்னு நான் சொல்லலை, ஓட்டாதீங்கன்னும் சொல்லலை. அதைச் சொல்ல வேண்டியவங்க ஒருத்தர்தான். அவங்களை நான் தேடித் தர்றேன். என் நம்பரைக் குறிச்சுக்குங்க."

நம்பரைக் கொடுத்ததுதான் தாமதம். நான் தடுப்பதற்குள் அந்த டிசைனைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். கூடவே, "நீங்களே பாத்துச் சொல்லிருங்களேன் அம்மணி! நீங்களும் டெல்லிதானுங்களே!" என்றார். டெல்லிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ரசனை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது நம் முதல் விதி. ஆனால் படம் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. பார்த்தேன். மாமரங்கள், கிளிகள், கீழே அமைதியாக ஒரு சாம்பல் பட்டை. உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு அது ரொம்ப அழகாகத்தான் பட்டது. அந்தப் பட்டைதான் படத்துக்கே நிதானம் கொடுக்கிறது என்றுகூடத் தோன்றியது. அன்றைக்கு என் ரசனையைக் கேட்டு மிஷின் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பல நாள் நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

"அதை நான் சொல்லக் கூடாது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு அரோரா மேடத்தின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். ரித்திகா என்ற பெண் எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது என்று குரலிலேயே தெரிந்தது. மேடம் இன்று விடியற்காலையில் வீட்டில் உட்கார்ந்து தன் லேப்டாப்பில் கடைசித் திருத்தங்கள் செய்து தானே அனுப்பியதாகவும், இறுதி வடிவத்தை அலுவலகத்தில் யாரும் பார்க்கவில்லை என்றும் ஹிந்தியில் சொன்னாள்.

"கீழே சாம்பல் பட்டை இருக்குமா?"

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கலாம் ஆன்ட்டி. இப்பல்லாம் சிம்பிளா இருக்கறதுதானே ஃபேஷன்?"

மேடம் எங்கே என்று கேட்டேன். விசா நேர்காணலுக்காகச் சாணக்யபுரியில் ஒரு தூதரகத்துக்குள் போயிருக்கிறார். உள்ளே ஃபோன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஃபோனும் லேப்டாப்பும் வெளியே காரில் டிரைவரிடம் இருக்கின்றன.

அப்போது எங்கள் மேலாளராக இருந்தவர் ஒரு வங்காளி. விதிகளைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அளவுகளைத் தானும் ஒருமுறை சரிபார்த்தார்.

"கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் வேலை முடிந்தது," என்றார்.

"நம் வேலை முடிந்தது சார். அவருடைய வேலை நிற்கிறதே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அதற்கு அர்த்தம். "சாணக்யபுரி பக்கம்தானே? போய்விட்டு வாருங்கள். ஆனால் அந்தப் பட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கருத்துச் சொல்லக் கூடாது. நல்லதாகவும் சரி, கெட்டதாகவும் சரி." நான் வாசலைத் தாண்டும்போது, "உங்கள் மேசையை யார் பார்ப்பார்கள்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

ஆட்டோ பிடித்துப் போனேன். தூதரக மதில் ஓரமாக ஒரு வேப்ப மரத்தடியில் கார் நின்றிருந்தது. டிரைவர் ராம்கிஷன் பானட்டில் சாய்ந்து நின்று, கையிலிருந்த ஃபோன் அடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எடுங்களேன்!" என்றேன் ஹிந்தியில்.

"மேடமோட ஃபோனை நான் எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர்," என்றார் பெருமையாக. "காலையிலிருந்து இந்தத் திருப்பூர்க்காரர் விடவே மாட்டேங்கறார். நானும் எடுக்கவே இல்லை."

வாயிலில் நின்ற காவலரிடம் உள்ளே ஒரு செய்தி சொல்லி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். ஒரே ஒரு வரி என்றேன். மரத்தடிக்குப் போங்கள் என்றார். மரத்தடிக்கு வந்தேன். வேறு வழி இல்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காத்திருப்பு எனக்குச் சுகமாக இல்லை. அந்தப் பட்டை டிசைனாகவே இருந்துவிட்டால்? ஒரு தொழிற்சாலையின் அரை நாளை நான் தின்றுவிட்டவள் ஆவேன். சென்னியப்பனை அழைத்து நிலைமையைச் சொன்னேன்.

"எவ்வளவு நேரமாகுமுங்க?" என்று கேட்டார்.

'இதோ, கொஞ்ச நேரத்தில்' என்று சொல்லிச் சமாளிக்கத்தான் தோன்றியது. "தெரியலை சார்," என்றேன். "சும்மா ஒரு நேரத்தைச் சொல்லி உங்களை உக்கார வைக்க மாட்டேன். அவங்க வெளிய வந்ததும் முதல் பேச்சு உங்க பேச்சுதான். அதுவரைக்கும் நிறுத்தி வைக்கறதும் ஓட்டறதும் உங்க முடிவு."

"நீங்க அங்க போய் நிக்கறீங்க. நான் இங்க நிக்க மாட்டனுங்களா?" என்றார். அந்த வெயிலிலும் எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

அரோரா மேடம் ஒருவழியாக வெளியே வந்தார். உயரமான பெண்மணி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். தன் கார் பக்கத்தில் அறிமுகமில்லாத ஒருத்தி நிற்பதைப் பார்த்ததும் டிரைவரை முறைத்தார். நான் இன்னார், இன்ன சேவையிலிருந்து வருகிறேன், திருப்பூரிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது என்று சொல்லி, வேறெதுவும் பேசாமல் என் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஹே பகவான்! என் மான்கள் எங்கே?"

காவலர் திரும்பிப் பார்த்தார். டிரைவர் காருக்கு அடியில் பார்த்தார்.

"கீழே வரிசையாக மான்கள் நடந்து போக வேண்டும்! ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தேன்!" என்று லேப்டாப்பைப் பிடுங்கித் திறந்தார். அதில் மான்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எனக்கு உடனே புரிந்தது. கோப்பு பெரியது. லேப்டாப் அதைச் சேமித்து முடிப்பதற்குள், பாதி வழியிலேயே மேடம் அதை நம்மிடம் ஏற்றிவிட்டிருக்கிறார். கொடுத்ததை நாம் முழுசாகத்தான் கொண்டு சேர்த்தோம். கொடுத்ததே முழுசாக இல்லை. அந்தப் பச்சை டிக்குக்கு மான்களைப் பற்றி என்ன தெரியும்?

நம் அலுவலகம் பக்கத்தில்தான், அங்கிருந்தே மறுபடி அனுப்பலாம் என்றேன். காரில் ஏறியதும் சென்னியப்பனை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"முதலில் கேளுங்கள், ஓட்டிவிட்டாரா?" என்றார் மேடம்.

மான்கள் விட்டுப்போன கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ஓட்டலீங்க," என்றார் சென்னியப்பன். "நடுவால ஒருக்கா உங்க ஆபீசுக்கும் போட்டனுங்க. அங்க ஒருத்தரு ரொம்ப மரியாதையா 'கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க'ன்னே சொல்லிட்டிருந்தாருங்க. வேற ஒண்ணுமே பேசல. செரீன்னு நானும் இருந்தனுங்க."

என் மேலாளருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அது. என்னிடமிருந்து பொறுக்கியது.

ஓட்டவில்லை என்று தெரிந்ததும் மேடத்துக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. "இவ்வளவு பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் காலையிலேயே எனக்கு எழுதியிருக்க வேண்டாமா? இந்த மனிதருக்கு மூளை இல்லையா?"

நான் நல்ல பெண்ணாக, "கொஞ்சம் முன்னாடியே எழுதியிருக்கலாமேன்னு கேக்கறாங்க," என்றேன்.

"எழுதுனா 'நோ சஜஷன்'னு மொகத்துல அடிப்பாங்களேங்க! ஒரு எலைய நேராக்குனதுக்கு ஆறு மாசம் பட்டினி போட்டவங்கதானுங்களே!"

அதை நான் ஹிந்தியில், "அவர் சற்றுத் தயங்கிவிட்டாராம்," என்றேன்.

"தயக்கமா? எதற்கு? நான் என்ன புலியா?"

"நான் என்ன புலியான்னு கேக்கறாங்க."

சென்னியப்பன் குழம்பிப்போனார். "இப்ப எதுக்குங்க புலி? மானுன்னு சொன்னீங்க... டிசைன்ல புலியும் வருதுங்களா?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டு பேருடைய பேச்சையும் சர்க்கரைப் பாகில் முக்கி முக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர்கள் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் திருப்பூருக்கு அனுப்பியது பாதிக் கோப்பு. நான் அனுப்பிக்கொண்டிருந்ததும் அதுதான். பெரிய வித்தியாசம் இல்லை.

"மேடம், மன்னியுங்கள். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்," என்று, இலையை நேராக்கியது, ஆறு மாதம் ஆர்டர் இல்லாமல் போனது, 'நோ சஜஷன்', அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சந்தேகம் கேட்கப் பயந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு சென்னியப்பனிடமும், மேடம் மூளையைப் பற்றிக் கேட்டதையும் சேர்த்து அப்படியே சொன்னேன்.

கார் ஒரு சிக்னலில் நின்றது. ராம்கிஷன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். அடுத்த தமாஷுக்குக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"அந்தக் கோணல் இலை..." என்று மேடம் மெல்ல ஆரம்பித்தார். "நான் வரைகிற எல்லாவற்றிலும் ஒன்று வைப்பேன். அது என் கையெழுத்து மாதிரி. அதை யாரோ அழித்துவிட்டது போல இருந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாயை மூடு என்று எழுதிவிட்டேன்."

சொன்னேன்.

"அட, கையெழுத்துங்களா?" என்றார் சென்னியப்பன். குரலே மாறிவிட்டது. "அது தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பனுங்களா? சொன்னாத்தானுங்க தெரியும். நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். கேக்காம கை வெச்சது தப்புதானுங்க."

அலுவலகத்தில் என் மேலாளர் என் நாற்காலியை விட்டு எழுந்து மேடத்தை உட்கார வைத்தார். இந்த முறை லேப்டாப் சேமித்து முடிக்கும்வரை பொறுத்து, கோப்பைத் திறந்து மான்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்பினோம். இருபுறமும் பச்சை டிக் வந்தது. யாரும் அதை நம்பவில்லை. சென்னியப்பன் திரையைப் பார்த்து மேலிருந்து கீழே வாசிக்க, நான் ஹிந்தியில் சொல்ல, மேடம் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"மரமுங்க... கிளி, ரெண்டு பக்கமும்... கீழ பூத் தோரணம்... அதுக்குக் கீழ மானுங்க. அல்லாம் கெழக்கு பாத்துப் போகுதுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்பிப் பாக்குது." ஒரு தயக்கம். "அது வேணுமின்னே வரஞ்சதுங்களா அம்மணி? கேட்டுச் சொல்லுங்க. நான் தொடலீங்க, சாமி சத்தியமா."

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "பார்க்கட்டும்! அது திரும்பித்தான் பார்க்கும்! ஓட்டச் சொல்லுங்கள்!"

"ஓட்டுங்க சார்," என்றேன்.

மிஷின் ஓடத் தொடங்கிய சத்தம் ஃபோனில் கேட்டது. என் மேலாளர் அதை நோக்கி, "கொஞ்சம் இருங்க," என்றார் மகிழ்ச்சியாக. அவருக்கு வேறு தமிழ் தெரியாதே. துணி நேரத்துக்கு முடிந்தது, கப்பலும் தவறவில்லை.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "செய்தது சரி. இதை வழக்கமாக்கிவிடாதீர்கள்," என்றார். நானும் அதையேதான் உங்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினால் கம்பெனி தாங்காது. அதற்குப் பிறகு நானே ஒருமுறைகூட அப்படி ஓடியதில்லை. ஆனால் யாராவது ஒருவர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டால், நம் பதிலை அவர் எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்று ஒரு விநாடி யோசியுங்கள். 'எங்கள் பக்கம் சரி' என்பது நமக்கு முற்றுப்புள்ளி. அவருக்கு அது ஒரு பொத்தானை அமுக்குவதற்கான உத்தரவாக இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், தெரிந்தவர் யார் என்று தேடிக் கொடுங்கள். அதோடு, நடுவில் நின்று பேசும்போது உங்கள் நல்ல மனசை எடுத்து மற்றவர் பேச்சில் தடவாதீர்கள்.

அதற்குப் பிறகு சில மாதம் அரோரா மேடமும் சென்னியப்பனும் ஒவ்வொரு டிசைனுக்கும் என்னை நடுவில் இழுத்தார்கள். உதவி எண்ணில் "அந்தத் தமிழ் மேடம்" என்று கேட்பார்கள். என் மேலாளருக்கு இது பிடிக்கவில்லை என்றாலும், மணி அடித்தால் அவரே முதலில் எடுக்கப் பார்ப்பார்.

ஒரு நாள் மூன்று பேரும் பேசும்படி அழைப்பைச் சேர்த்துவிட்டு, யார் முதலில் பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். மேடம்தான் ஆரம்பித்தார்.

"சென்னியப்பன்ஜி, கிளி... பச்சை ஜாஸ்தி."

என் வாய் திறந்தது. அதற்குள் அங்கிருந்து பதில் வந்துவிட்டது.

"ஜாஸ்திங்களா? கம்மி பண்ணிரட்டுமுங்களா?"

"ஹாங், தோடா கம்மி."

"ரொம்பக் கம்மியா?"

"நஹீ நஹீ! ரொம்ப நஹீ!"

'ஜாஸ்தி'யும் 'கம்மி'யும் இந்த நாட்டில் வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுதான் என்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். அடுத்தது சிவப்புக்குப் போனார்கள். அங்கே பெரிய வாக்குவாதம். அவர் ஜாஸ்தி என்றார், இவர் கம்மி என்றார். இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள், சிரித்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். "ஹலோ, நான் லைன்ல இருக்கேன்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் வராமல் ஃபோனை வைத்துவிட்டு, அடுத்து அடித்த மணியை எடுத்தேன்.